பால் சந்தைக்கு, பட்டினி கடாக்கன்றுக்கு

புது தில்லி:
உலகிலேயே எருமைகள் மிக அதிகமாக உள்ள நாடு இந்தியா. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி அவற்றின் எண்ணிக்கை 10 கோடியே 98 லட்சம். அவற்றுள் ஆண் எருமைகளோ ஒரு கோடிக்கும் குறைவு. பிறக்கும் கன்றுகளில் ஏறக்குறையச் சரிபாதி கடாக்கன்றுகள்தாம். அவற்றில் ஒரு பகுதி இளம் வயதிலேயே இறைச்சிக்கு விற்கப்படுகிறது. மற்றொரு பகுதி போதிய பாலின்றி மடிகிறது.

இதற்குக் காரணம் விவசாயியின் கல்நெஞ்சம் அன்று, கணக்கு. உழவுக்கு டிராக்டர் வந்தபின் கடாவுக்கு வேலையில்லை. ஹரியானாவின் முர்ரா இனக் கன்று பிறக்கும்போது சுமார் 30 கிலோ எடை இருக்கும். எடையில் பத்தில் ஒரு பங்கு பால் என்றால், முதல் மாதத்தில் மட்டும் 90 லிட்டர். கொழுப்புச் சத்து மிகுந்த அந்தப் பாலை விற்றால் கைமேல் காசு. கன்றுக்கு ஊட்டினால் பலன் கிடைக்க ஒன்றரை ஆண்டு ஆகும்.

வளர்க்கும் முறை

வழி தெரியாமல் இல்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால், முதல் மாதத்திலேயே குடற்புழு நீக்கம், இரண்டாம் வாரம் முதல் புரதம் மிகுந்த கன்றுத் தீவனம் ஆகியவையே அடிப்படை. திடத் தீவனத்தை விரைவில் பழக்கினால் அசைபோடும் இரைப்பை வளர்ச்சி பெறும். பாலின் தேவையும் குறையும். பின்னர் பெர்சீம், சோளத்தட்டை, கடுகுப் பிண்ணாக்கு, தவிடு, தாது உப்புக் கலவை ஆகியவற்றைக் கொடுத்து வளர்த்தால் நாளொன்றுக்கு அரை கிலோ வரை எடை கூடும். விற்பனைக்கு முந்தைய மாதங்களில் மக்காச்சோளம் போன்ற தானியங்களைப் படிப்படியாகக் கூட்டினால் தசையும் கொழுப்பும் திரளும். திடீரெனக் கூட்டினால் செரிமானம் கெடும்.

தரமும் இதனால் மாறுகிறது. இந்தியா ஏற்றுமதி செய்வது பசு இறைச்சி அன்று, எலும்பு நீக்கிய எருமை இறைச்சி. அதில் பெரும்பகுதி பால் வற்றிய முதிய எருமைகளுடையது. நிறம் கருத்து, நார் தடித்திருக்கும். நன்கு ஊட்டி வளர்த்த இளங்கடாவின் இறைச்சியோ மென்மையானது. கூடுதல் விலை பெறத் தக்கது. 2014-15-இல் ஏற்றுமதி வருவாய் 29 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியபோதும், கன்றை வளர்ப்பவர் கணக்கு மாறவில்லை.

திட்டமும் தடையும்

எருமைக் கடாக்கன்றுகளைக் காத்து வளர்க்கும் திட்டத்தைப் பதினோராவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2007-12) மத்திய அரசே கொண்டுவந்தது. அதே மத்திய அரசு 2017 மே மாதம் வெளியிட்ட விதிகள், எருமை உள்ளிட்ட மாடுகளைச் சந்தையில் இறைச்சிக்காக விற்பதைத் தடுத்தன. அவற்றுக்குச் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்ததும், ஜூலையில் உச்சநீதிமன்றம் அத்தடையை நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தியதும் குறிப்பிடத்தக்கவை. அதற்குச் சற்று முன்னர், ஏப்ரலில், தில்லி கால்காஜியில் எருமைகளை ஏற்றிச் சென்ற மூவர் தாக்கப்பட்டனர்.

ஒன்றரை ஆண்டு தீவனச் செலவு செய்பவருக்கு, விற்கும் நாளில் சந்தை திறந்திருக்கும் என்ற உறுதி வேண்டும். வண்டி பத்திரமாகப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவரை, மானியமும் தீவன அட்டவணையும் கன்றைக் காப்பாற்றா. கொட்டிலிலேயே பட்டினியால் சாகும் கன்றுக்கு, அறுப்பைத் தடுக்கும் விதியால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.