காப்பியும் உடல்நலமும்

காப்பி என்பது காப்பிச் செடியின் கொட்டைகளை வறுத்து, அரைத்து, வெந்நீரில் சாறு இறக்கி அருந்தப்படும் பானம் ஆகும். இதன் உடல்நல விளைவுகள் பற்றிய பேச்சு பெரும்பாலும் காஃபீன் என்னும் ஒரே வேதிப்பொருளைச் சுற்றியே நிகழ்கின்றது. ஆனால் வறுத்த காப்பியில் பல நூறு சேர்மங்கள் உள்ளன. காப்பியின் நன்மைகளாகக் கூறப்படுவனவற்றுள் சிலவும், தீமைகளாகக் கூறப்படுவனவற்றுள் சிலவும் காஃபீனால் விளைவன அல்ல. இவ்விரண்டையும் பிரித்து நோக்காமையே இது குறித்து நிலவும் குழப்பங்கள் பலவற்றுக்குக் காரணம் ஆகும்.

காஃபீன் செயற்படும் முறை

காஃபீனை 1819 ஆம் ஆண்டில் செருமானிய வேதியியலாளர் ஃபிரீட்லீப் ஃபெர்டினாண்ட் ரூங்கே பிரித்தெடுத்தார். அவருக்குக் காப்பிக் கொட்டைகளைக் கொடுத்து ஆராயத் தூண்டியவர் கவிஞர் கோத்தே என்பது சுவையான செய்தி.

விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறிது சிறிதாகச் சேர்கின்றது. இது நரம்பணுக்களின் ஏற்பிகளில் பொருந்தும்போது அவற்றின் செயற்பாடு தணிந்து தூக்க உணர்வு உண்டாகின்றது. காஃபீன் மூலக்கூறு அடினோசினை ஓரளவு ஒத்திருப்பதால் அதே ஏற்பிகளில் சென்று அமர்கின்றது. ஆனால் அவற்றைத் தூண்டுவதில்லை. பூட்டினுள் நுழைந்தும் திறக்காத சாவியை இதற்கு ஒப்பிடலாம். சாவி உள்ளே இருக்கும்வரை சரியான சாவியும் நுழைய இயலாது. எனவே காஃபீன் உடலுக்கு ஆற்றல் தருவதில்லை. களைப்பு உணரப்படாமல் மறைக்கின்றது. சேர்ந்த அடினோசின் அங்கேயே இருப்பதால், காஃபீன் கழிந்ததும் களைப்பு மீண்டும் தெரிகின்றது.

காஃபீனைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி சிதைக்கின்றது. நலமுள்ள பெரியவர் ஒருவரின் உடலில் காஃபீனின் அளவு பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்கு 200 மில்லி கிராம் உட்கொண்டவரின் உடலில் இரவு 10 மணிக்கும் ஏறத்தாழ 100 மில்லி கிராம், அதாவது ஒரு பெரிய கோப்பைக் காப்பியில் உள்ள அளவு, எஞ்சியிருக்கும். படுக்கைக்கு 6 மணி நேரம் முன்னரே 400 மில்லி கிராம் உட்கொண்டாலும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகின்றது என 2013 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. படித்தவை நினைவில் நிலைக்கத் தூக்கம் தேவை என்பதால், தேர்வுக்கு முந்தைய இரவில் காப்பி அருந்தி விழித்திருப்பது பயன் குறைந்த வழியே.

இந்தக் கால அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். புகைப்பவர்களின் உடலில் காஃபீன் விரைவாகச் சிதைகின்றது. கருத்தடை மாத்திரை உட்கொள்வோருக்கு ஏறத்தாழ இருமடங்கு நேரமாகும். கருவுற்ற பெண்களுக்குக் கடைசி மாதங்களில் இது 15 மணி நேரம் வரை நீளலாம். பிறந்த குழந்தையின் கல்லீரலில் அந்நொதி முதிர்ச்சி அடையாததால் மூன்று, நான்கு நாட்கள்கூட ஆகலாம்.

மருந்தாகக் காஃபீன்

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு மூச்சு இடையிடையே நின்றுபோவது உண்டு. மூச்சைத் தூண்டும் காஃபீன் சிட்ரேட் இதற்கு மருந்தாக அளிக்கப்படுகின்றது. 1,250 கிராமுக்கு மேற்படாத எடையுடன் பிறந்த சுமார் 2,000 குழந்தைகளிடம் பல நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2006 இல் வெளியாயின. நாட்பட்ட நுரையீரல் பாதிப்பு, காஃபீன் பெறாத குழந்தைகளுள் 47 விழுக்காட்டினருக்கும், பெற்றவர்களுள் 36 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் இம்மருந்து இடம்பெற்றுள்ளது.

காப்பி அருந்துவோர் பற்றிய ஆய்வுகள்

பெரியவர்களைப் பொறுத்தவரை நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. பல ஆண்டுகள் ஒருவரைக் காப்பி அருந்தச் செய்து, மற்றவரைத் தடுத்துச் சோதிப்பது கடினம். ஆதலால் பெரும்பாலான ஆய்வுகள் மக்களின் பழக்கத்தைக் கேட்டுப் பதிந்து, பின்னர் அவர்களுக்கு நேர்வதைக் கவனிப்பவையே.

இம்முறையில் உள்ள இடர் 2012 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் தெளிவாகத் தெரிந்தது. அதில் 50 முதல் 71 வயது வரையான 4 இலட்சம் பேர் இடம்பெற்றனர். வயதை மட்டும் கணக்கில் கொண்டபோது காப்பி அருந்துவோரிடையே இறப்பு மிகுதியாகக் காணப்பட்டது. ஆனால் காப்பி அருந்துவோருள் புகைப்பவர்கள் அதிகம். புகைப்பழக்கத்தின் விளைவை நீக்கிக் கணக்கிட்டபோது முடிவு தலைகீழாக மாறி, இறப்பு சற்றுக் குறைவாக இருந்தது. காஃபீன் நீக்கிய காப்பி அருந்தியோரிடமும் ஏறத்தாழ இதே போக்கு காணப்பட்டது. ஆகவே நன்மை ஏதும் இருப்பின் அதற்குக் காஃபீன் மட்டுமே காரணம் எனக் கூற இயலாது. இரண்டாம் வகை நீரிழிவு நோய் குறைவாகக் காணப்படுவதும் இவ்வாறே இருவகைக் காப்பிக்கும் பொதுவானது. நடுக்குவாதம் குறைவாகக் காணப்படுவது மட்டும் காஃபீனுடன் தொடர்புடையதாகக் கருதப்படுகின்றது.

புற்றுநோய் குறித்த அச்சமும் இவ்வாறு மாறியதே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1991 இல் காப்பியைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருளாக வகைப்படுத்தியது; 2016 இல் போதிய சான்று இல்லை என அதனை விலக்கிக்கொண்டது. அதே வேளையில், 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தப்படும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது என அறிவித்தது. இங்கு ஐயத்துக்குரியது சூடு, காப்பி அன்று.

தீய விளைவுகள்

நலமுள்ள பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லி கிராம் வரையும், கருவுற்ற பெண்களுக்கு 200 மில்லி கிராம் வரையும் காஃபீன் தீங்கற்றது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015 இல் மதிப்பிட்டது. மிகுந்தால் படபடப்பு, கைநடுக்கம், பதற்றம், தூக்கமின்மை ஆகியன தோன்றும். நாள்தோறும் அருந்துவோர் திடீரென நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலியும் சோர்வும் ஏற்பட்டுச் சில நாட்களில் தணியும். காலைக் காப்பி தலைவலியைப் போக்குவதாகப் பலர் எண்ணுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். தூய காஃபீன் பொடி மிகவும் ஆபத்தானது. ஒரு தேக்கரண்டிப் பொடி ஏறத்தாழ 28 கோப்பைக் காப்பிக்குச் சமம் ஆகும். அமெரிக்காவில் 2014 இல் இதனால் இளைஞர் இருவர் இறந்தனர்.

இரும்புச்சத்துக் குறைபாடு உடையோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. உணவுடன் ஒரு கோப்பைக் காப்பி அருந்தியபோது இரும்பு உட்கவரப்படுவது 39 விழுக்காடு குறைந்ததாக 1983 இல் வெளியான ஆய்வு காட்டியது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு அருந்தினால் குறைவு இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அருந்தினால் அதே அளவு குறைவு ஏற்பட்டது. தேநீர் இதனினும் கூடுதலாகத் தடுக்கின்றது. இதற்குக் காரணம் காஃபீன் அன்று. இரும்புடன் பிணையும் பாலிபீனால் வகைச் சேர்மங்களே.

தயாரிக்கும் முறை

காப்பிக் கொட்டையின் எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் என்னும் பொருள் குருதியில் கெட்ட கொழுப்பு எனப்படும் கொலஸ்டிராலை உயர்த்துகின்றது. காகித வடிகட்டி இதனைப் பெரும்பாலும் தடுத்துவிடும். தூளை நீரிலேயே கொதிக்கவைக்கும் நாடுகளின் காப்பியில் இது மிகுதி. தென்னிந்திய வடிகட்டியில் இருப்பது துளையிட்ட உலோகத் தட்டு. ஆதலால் காகித வடிகட்டியை வைத்து நடந்த ஆய்வுகளின் முடிவுகளை இதற்கு அப்படியே பொருத்துதல் ஆகாது.

காஃபீனின் அளவும் இவ்வாறே வேறுபடும். ரொபஸ்டா வகைக் கொட்டையில் அராபிக்காவைப் போல ஏறத்தாழ இருமடங்கு காஃபீன் உண்டு. சிக்கரி வேரில் காஃபீன் அறவே இல்லை. இந்தியாவில் காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் போதும் என்பதால், ஒரே அளவு தூளில் இறக்கிய டிகாக்சனிலும் காஃபீன் பாதியளவே இருக்கக்கூடும். அக்கலவையை ஒரு நாளில் பலமுறை அருந்துபவர் காஃபீனின் எல்லையைத் தொடாவிட்டாலும், ஒவ்வொரு முறையும் இடும் சர்க்கரையைத் தனியே கணக்கில் கொள்ள வேண்டும்.