குறியீடும் காரணமும்: ஒட்சிசன் உணரியின் பழுதறிதல் பற்றிச் சில குறிப்புகள்

மோட்டார் வாகனத்தின் முகப்புப் பலகையிலே எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிகிறது. ஸ்கானர் கருவியைப் பொருத்தியதும் ஒட்சிசன் உணரியைச் சுட்டும் குறியீட்டெண் ஒன்று தோன்றுகிறது. கராஜுகளில் ‘ஒட்சிசன் சென்சர்’ என வழங்கும் அவ்வுறுப்புக் கழற்றப்பட்டுப் புதியது பூட்டப்படுகிறது, பணம் கைமாறுகிறது, சில நாட்களில் விளக்கு மீண்டும் எரிகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி தடைப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்த இலங்கையில், பழைய ஜப்பானிய வாகனத்தை ஓட்டிப் பிழைப்போனுக்கு இது வருவாய்ப் பிரச்சினையுமாகும்.

உணரியின் இயல்பை முதலில் நோக்குதல் தகும். பிளாற்றினம் பூசப்பெற்ற சிர்க்கோனியாப் பீங்கானின் ஒருபுறம் வெளிக்காற்றும் மறுபுறம் எஞ்சினின் கழிவுப் புகையும் நிற்கின்றன. ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் ஒட்சிசன் அயன்கள் அதனூடாக நகர, இருபுறத்து ஒட்சிசன் வேறுபாடு மின்னழுத்தமாக வெளிப்படுகிறது. பெற்றோல் மிகுந்தால் 0.9 வோல்ற்று வரையும், காற்று மிகுந்தால் 0.1 வோல்ற்று அளவும் தோன்றும். பெற்றோல் 1 பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற நிறை விகிதத்தைக் கணினி பேணுவது இச்செய்தியைக் கொண்டே. 1976இல் பொஷ் நிறுவனத்தின் உணரி வொல்வோ கார்களில் ஏறியமைக்குக் கலிபோர்னியாவின் மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டம் உந்துதலாயிற்று என்பது மனங்கொளத்தக்கது. மூலதனம் தன் விருப்பிற் காற்றைத் தூய்மையாக்க முன்வந்ததில்லை.

இவ்வுணரி ஒட்சிசனை மட்டுமே அறியும், எரிபொருளை அறியாது. பழுதறிதலின் திறவுகோல் இதுவே. ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறினால் எரியாத பெற்றோலும் பயன்படாத ஒட்சிசனும் ஒருங்கே வெளியேறும். உணரியோ ஒட்சிசனைக் கண்டு ‘பெற்றோல் குறைவு’ என்கிறது; கணினி மேலும் பெற்றோலைப் பாய்ச்சுகிறது. உணரிக்கு முன்னுள்ள புகைக்குழாயின் வெடிப்பினூடே காற்றுப் புகுந்தாலும் இதே மயக்கம் நேரும். உணரி பொய் கூறவில்லை. அதன் கூற்றுக்குக் கற்பிக்கப்பட்ட பொருளே பிழை. (இலக்கியம் சமூகத்தின் கண்ணாடி என்றதோடு ஆய்வை முடித்துக்கொள்ளும் நம் விமர்சகர் சிலரும் இவ்வகையினரே.)

ஆகவே சான்றைச் சோதித்தல் வேண்டும். சூடேறிய எஞ்சினை நிமிடத்திற்கு 2500 சுற்றளவில் ஓடவிட்டால், முன்னுணரியின் அளவு 0.45 வோல்ற்றின் இருமருங்கும் விரைந்து ஏறியிறங்க வேண்டும். வெற்றிடக் குழாய் ஒன்றைக் கழற்றினால் 0.2க்குக் கீழே வீழ்வதும், சிறிது புரொப்பேன் வாயுவை உட்காற்றிற் கலந்தால் 0.8ஐத் தாண்டுவதும் நிகழ்ந்தால் உணரி நலமே. காரணத்தை வேறிடத்தில் தேடுக. ஊக்கிக் கலத்துக்குப் பின்னுள்ள உணரி அசையாது நிற்பது பழுதன்று, ஊக்கி நன்கு தொழிற்படுவதன் அறிகுறி. அகலப் பட்டை உணரி பூட்டிய வாகனங்களுக்கு இந்த வோல்ற்றுக் கணக்குப் பொருந்தாது. பி 0135 என்ற குறியீடு சூடாக்கிச் சுற்றையே சுட்டுவது. பியூசும் 12 வோல்ற்று வரவும் சரியாயின், சூடாக்கிக் கம்பிகளின் தடையை அளக்க. சில ஓம் முதல் இருபது ஓம் வரை இருத்தல் பொதுவியல்பு. முடிவிலி காட்டினால் சூடாக்கி அறுந்துவிட்டது.

தொழிலிலிருந்து சிந்தனையைப் பிரித்தெடுப்பதே நவீன முதலாளித்துவ உற்பத்தியின் போக்கென ஹரி பிறேவர்மன் 1974இல் விளக்கினார். குறியீட்டைப் படித்து உறுப்பை மாற்றுவோனாகத் தொழிலாளி சுருங்கும்போது உதிரிப்பாக வணிகம் தழைக்கிறது. மேற்சொன்ன சோதனைகளுக்கு வேண்டியதோ ஒரு மின்மானியும், தொழிலாளியின் நேரத்துக்கு உரிய கூலியுமே. நம் கராஜுகளில் அக்கூலியைக் கேட்பதற்குத் தயங்குவோர் பலர்.

நஞ்சேறிய பீங்கானைத் திருத்தவியலாது. முனையிற் கரி படிந்தால் மிகைப் பெற்றோலையும், வெண்படிவு காணின் சிலிக்கோன் பசையையோ குளிர்நீர்க் கசிவையோ ஐயுறலாம்; அக்காரணம் நீங்காதவரை புதிய உணரியும் மாளும். ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் இங்கு ஒழிந்ததால் அந்நஞ்சு இன்றில்லை. அறுந்த கம்பியையும் கறுத்த இணைப்பியையும் திருத்தலாம். எனினும் பல உணரிகள் தமக்கு வேண்டிய வெளிக்காற்றைக் கம்பியின் உள்ளிடை வழியே பெறுவதால், ஈயப்பற்று வைக்காது நெரித்து இணைப்பதே முறை. இணைப்பியிற் கிறீஸ் பூசுதலும் ஆகாது. புதியதைப் பூட்டுகையில் இறுகல் தடுப்புப் பசையைத் திருகுபுரியில் மட்டும் பூசி, குறியீட்டை அழித்து, வாகனத்தைச் சூடேற ஓட்டியபின், கணினியின் எரிபொருட் திருத்த வீதம் பத்துச் சதவீதத்துக்குள் நிற்கிறதா என மீண்டும் பார்த்தல் வேண்டும்.