எவர்சில்வரைக் கடையும் கலை

துருப்பிடிக்காத எஃகை நாம் எவர்சில்வர் என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். பெயர் ஒன்று என்பதால் பொருளும் ஒன்றே என்று எண்ணிவிடுகிறோம். சென்ற கோடை விடுமுறையில் என் மாமாவின் லேத் பட்டறையில் ஒரு டிரில் பிட்டை ஒடித்த பிறகே இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை உணர்ந்தேன்.

மீன்பிடி விசைப்படகு ஒன்றின் தண்டு கடைசலுக்கு வந்திருந்தது. அதன் முனையில் குறுக்காக ஒரு துளையிடும் வேலையை மாமா என்னிடம் விட்டார். சாதாரண இரும்பு என்ற நினைப்பில் பிட்டை வேகமாகச் சுழலவிட்டு, மெல்ல மெல்ல அழுத்தினேன். சிறிது ஆழம் சென்றதும் பிட் வெட்ட மறுத்து வழுக்கிற்று. துளையின் அடிப்பகுதி கண்ணாடிபோல் மின்னிற்று. அச்சத்தில் இன்னும் அழுத்தினேன், பிட் ஒடிந்தது.

காரணம் என்ன? இரும்புடன் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால், மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத ஆக்சைடு படலம் தோன்றித் துருவைத் தடுக்கிறது. 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருக்கிய எஃகில் ஏறத்தாழ 12.8 சதவீதம் குரோமியம் இருந்தது. இன்று இவ்வெஃகில் பல வகைகள் உள்ளன. அவற்றுள் முக்கியமான மூன்றை மட்டும் இங்குக் காண்போம்.

முதலாவது ஆஸ்டெனைட் வகை. 304 என்னும் எஃகில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 316-இல் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினமும் சேரும். இவ்வகையைக் காந்தம் பொதுவாக ஈர்ப்பதில்லை. கருவி வெட்டாமல் உரசினால் உரசிய இடம் இறுகிக் கடினமாகிவிடும். வெப்பத்தைக் கடத்தும் திறனும் சாதாரண எஃகில் மூன்றில் ஒரு பங்கே. ஆகவே சூடு கருவியின் முனையிலேயே தங்குகிறது. நான் மெல்ல அழுத்தியதே துளையை இறுகச் செய்தது. வேகமோ முனையைத் தீய்த்தது.

இரண்டாவது ஃபெரைட் வகை. இதற்கு 430 எடுத்துக்காட்டு. இதைக் காந்தம் ஈர்க்கும். இது அவ்வளவாக இறுகாததால் கடைவது எளிது. மூன்றாவது மார்ட்டென்சைட் வகை. கத்திகளுக்குப் பயன்படும் 420 இதைச் சேர்ந்தது. இதை மென்மையான நிலையில் கடைந்து, பின்னர்ச் சூடேற்றிக் கடினமாக்கி, இறுதியாகச் சாணை பிடிப்பார்கள்.

மாமா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. வேறு பிட்டைத் தீட்டி, தண்டைத் திருப்பிப் பிடித்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். எண்ணெய் தாராளமாக ஓட, கை தளராமல் ஒரே சீராக அழுத்தினார். சுருள் சுருளாக உலோகம் வெளிவந்தது. இறுகிய படலத்திற்குக் கீழே கூர்முனை எப்போதும் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதே இதன் இரகசியம்.

"303 வகையில் கந்தகம் இருப்பதால் சுருள் எளிதில் ஒடியும், சுலபமாகக் கடையலாம் என்கிறீர்களே, தண்டை அதிலேயே செய்தால் என்ன மாமா?" என்று கேட்டேன்.

"அந்தக் கந்தகமே உப்புநீரில் அரிப்புக்கு வழிவிடும். நமக்கு வேலை சுலபமாகும். நடுக்கடலில் தண்டு முறிந்தால் படகில் இருப்பவன் என்ன செய்வான்?" என்றார் அவர். அந்தத் தண்டு 316 எஃகினால் ஆனது.

உலோகத்தின் குணமறிந்து கருவியை எடுப்பது அறிவு. எளிதான உலோகம் கைக்கெட்டும்போதும் தகுதியானதையே தேர்ந்தெடுப்பது நேர்மை. இரண்டையும் ஒடிந்த அந்த டிரில் பிட் எனக்குக் கற்றுத் தந்தது.