மருந்தைச் சோதிக்கும் மருத்துவர்கள் ஏன் சீட்டுக் குலுக்குகிறார்கள்?

யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கலுக்கு விடுவதா? விசித்திரம்தான்.

இட்லி மாவை நினைத்துப் பாருங்கள். ஒரு பாத்திரத்தில் புது அரிசி மாவு, இன்னொன்றில் பழைய அரிசி மாவு. ஒன்றில் மட்டும் வெந்தயம் சேர்க்கிறீர்கள். இட்லி மெத்தென்று வந்தால் காரணம் வெந்தயமா, அரிசியா? ஒரே மாவைக் கலக்கிப் பிரித்திருந்தால் குழப்பமே இல்லை.

மனிதர்களைக் கரண்டியால் கலக்க முடியாதே! அந்த வேலையைத்தான் குலுக்கல் செய்கிறது. மருத்துவரே பிரித்தால், மெலிந்தவர்களை அறியாமலே ஒரு பக்கம் சேர்த்துவிடுவார்.

1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் காசநோயாளிகள் 193 பேரை இப்படித்தான் பிரித்தார்கள். சிலருக்கு சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனை, மற்றவர்களுக்கு வீடு. மருந்து ஒன்றே. சத்துணவும் ஓய்வும் சானடோரியத்தில்தான் அதிகம். ஆனாலும், ஓராண்டில் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். வீட்டாருக்கும் தொற்று கூடவில்லை.