கறிவேப்பிலையும் தில்லி மண்ணும்

தில்லியில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் சந்தித்தால், பிள்ளைகள் படிப்புக்கு அடுத்தபடியாக வரும் விசாரிப்பு, "உங்க வீட்டுக் கறிவேப்பிலை எப்படி இருக்கு?" என்பதுதான். பதில் பெரும்பாலும் ஒரு பெருமூச்சு.

2009-இல் அப்பா காலமான பிறகு, அம்மா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மயூர் விஹாரில் எங்களோடு இருக்க வந்தாள். கொல்லையில் இருந்த ஒரு கன்றை ஈரச்சாக்கில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். தரைத்தள வீடு, வாசலில் நட்டோம். முதல் வருஷம் தழைத்தது. அடுத்த வருஷம் கொழுந்தெல்லாம் மஞ்சளாகி, பிறகு வெள்ளைக் காகிதம் போல ஆயிற்று. "மண்ணு ஒத்துக்கலடா" என்றாள் அம்மா. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் யூரியா போட்டேன். பலனில்லை. குளிர்காலத்தில் மூட்டிய கணப்புச் சாம்பலை அள்ளி வேரில் கொட்டினேன். செடி சாகிற நிலைக்குப் போய்விட்டது.

செடி வெளுத்தால் முதலில் பார்க்க வேண்டியது எந்த இலை வெளுக்கிறது என்பதை. தழைச்சத்து குறைந்தால், செடி பழைய இலையிலிருந்து அதை உருவிக் கொழுந்துக்கு அனுப்பும். எனவே அடியிலை முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து அப்படி எளிதில் இடம் பெயராது. அது குறைந்தால் கொழுந்துதான் முதலில் வெளுக்கும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். எங்கள் செடியில் இருந்தது இரண்டாவது வகை. நான் யூரியா போட்டது, கண் வலிக்கு இருமல் மருந்து கொடுத்த கதை.

அப்படியானால் தில்லி மண்ணில் இரும்பே இல்லையா? தாராளமாக இருக்கிறது. ஆனால் செடிக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. யமுனை கொண்டுவந்து சேர்த்த வண்டல் இது. இதில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. ஆழமாகத் தோண்டினால் கிடைக்கும் வெளிர்நிறக் கட்டிகளை இங்கே 'கங்கர்' என்பார்கள். சுண்ணாம்பு இருக்கும் மண் காரத்தன்மை உடையது. பி.எச். அளவில் 7 என்பது நடுநிலை. பரிசோதனைக்குக் கொடுத்ததில் எங்கள் வாசல் மண் 8.3 காட்டியது. பி.எச். ஒரு படி ஏறினால், மண்நீரில் கரையும் இரும்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஊரின் செம்மண்ணோ நடுநிலையை ஒட்டியோ, சற்று அமிலமாகவோ இருப்பது. அம்மா சொன்னது சரியாகத்தான் இருந்தது. என் சாம்பலும் காரம்தான். எரிகிற வீட்டில் எண்ணெய் வார்த்திருக்கிறேன்.

(மண்ணைப் பற்றிப் பேசும்போது பூசா நினைவுக்கு வருகிறது. 1905-இல் பீகாரில் உள்ள பூசாவில் தொடங்கிய வேளாண் ஆய்வு நிலையம், 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் சேதமாகி, 1936-இல் தில்லிக்கு வந்தது. பழைய ஊர்ப் பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. நம்மைப் போலத்தான்.)

"குளிர்தான் காரணம்" என்பவர்கள் உண்டு. டிசம்பர், ஜனவரியில் இலை கொட்டுவது குளிரால்தான். அதற்குக் கவலைப்பட வேண்டாம், மார்ச்சில் துளிர்க்கும். சிவாலிக் மலையடிவாரங்களில் இது தானாகவே காடாக வளர்கிற செடி. ஆனால் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் கொழுந்து வெளுத்தால் குளிரைக் குறை சொல்ல முடியாது.

மண்ணுக்கு அடுத்தபடி தண்ணீர். வாளியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த போர்வெல் தண்ணீரை ஊற்ற ஊற்ற மண்ணின் காரம் குறையவே குறையாது. இன்னொன்று: ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பலர் செடிக்கு ஊற்றுகிறோம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தானே இருக்கிறது! தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினால் விசேஷம். அதையும் மண் சற்றுக் காய்ந்த பிறகு ஊற்ற வேண்டும்; வேர் எந்நேரமும் ஈரத்தில் ஊறினால் மூச்சுக் காற்று இல்லாமல் இரும்பை எடுக்கும் சக்தியை இழக்கும்.

ஆணி போடலாமா? துருவும் கரையாத இரும்புதான், பயனில்லை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியைக் கார மண்ணில் சும்மா தூவினாலும் சீக்கிரமே கரையாத வடிவுக்குப் போய்விடும். இலையில் தெளிப்பதே பலன் தரும்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம், சாயங்கால வேளையில், பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டு மூன்று தடவை. தெளித்த இலையைச் சமையலுக்குப் பறிக்க அவசரப்படாதீர்கள். ஆனால் இது தற்காலிக வைத்தியம்தான். நிரந்தரமாக வேண்டுமானால் தொட்டிக்கு மாறுவது நல்லது. மட்கிய உரமும் இலைமட்கும் தாராளமாகக் கலந்த மண்ணில் காரத்தை அடக்கி வைப்பது சுலபம். தரையில் அது நடவாத காரியம். கந்தகத்தூள் போட்டாலும், நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்க மாதங்கள் ஆகும். அந்த அமிலத்தையும் சுண்ணாம்பு தின்றுவிடும்.

உங்கள் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. காய்ந்த மண் ஒரு ஸ்பூன் எடுத்து வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் இருக்கிறது.

அம்மா வாரம் ஒருமுறை புளித்த மோர் ஊற்றுவாள். அதை நான் கேலி செய்ததுண்டு. மோரில் இருப்பதும் அமிலம்தான். தரையில் இருந்தவரை அத்தனை சுண்ணாம்புக்கு முன் அது எம்மாத்திரம்? பெரிய சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றிய பிறகு கொஞ்சம் உதவியிருக்கலாம். அடுத்த மார்ச்சில் வந்த கொழுந்து பச்சையாகவே வந்தது. "மோருதான்டா" என்கிறாள் அம்மா. அன்னபேதியைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை.