ஹப்புத்தளை மலைக்கு வராத கொடை

தோமஸ் லிப்டன் 1848இல் கிளாஸ்கோவில் ஓர் ஏழை ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தவர். பதின்வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, கூலி வேலை பார்த்து, நியூயோர்க் மளிகைக்கடையொன்றில் வியாபாரம் கற்றுத் திரும்பினார். 1871இல் சொந்தக் கடை. இருபது ஆண்டுகளில் அது ஏறக்குறைய முந்நூறானது. 1881 நத்தாருக்கு ராட்சத சீஸ் கட்டியொன்றுக்குள் தங்கக் காசுகளைப் புதைத்து விற்றார். ஊரே திரண்டது.

1890இல் அவர் இலங்கை வந்தபோது ஹப்புத்தளைக்கு ரயில் கூட இல்லை. கோப்பி நோயில் அழிந்து, தோட்டங்கள் மலிவாகக் கைமாறிய காலம். தம்பேதன்னை உட்படப் பல தோட்டங்களை வாங்கித் தேயிலை விளைவித்தார். இடைத்தரகர்களை ஒதுக்கிவிட்டுத் தன் தேயிலையைத் தன் கடையிலேயே விற்றார். பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்த தூள், எடை அச்சிட்ட பக்கெட்டுக்கு மாறியது. தொழிலாளி வீட்டுக்கும் கட்டுப்படியாகும் விலை. வியாபாரத்தில் அவர் மேதை என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

கொடுப்பதிலும் கை நீண்டவர். லண்டன் ஏழைகளுக்கு மலிவு உணவகம் நடத்த 1898இல் ஒரு இலட்சம் பவுண் கொடுத்தார். முதல் உலகப் போரில் தன் உல்லாசப் படகில் செர்பியாவுக்கு மருத்துவ உதவி கொண்டுபோனார். 1931இல் இறந்தபோது சொத்தில் பெரும்பங்கு கிளாஸ்கோ நகருக்குப் போனது.

அவர் பெயர் சொல்லும் இந்தத் தர்மங்களில் ஒன்றும் கொழுந்து பறித்த நம்மவர்களுக்கானதல்ல. அதுதான் என் ஆதங்கம். விடியற்காலைப் பிரட்டு எனும் வேலைப் பகிர்வு முடிந்து, அட்டை கடிக்கும் ஈர மலையில் இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளி, முதுகுச் சுமையோடு நிறுவைக்கு இறங்கி வரும் பெண்ணுக்கு, கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். ஒரு நாள் உழைப்பு பாதிச் சம்பளமாகிவிடும். வெள்ளைத் துரைமார் போய், 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, பிறகு கம்பனிகளின் கைக்குப் போன பின்னும் தொழிலாளர் குடியிருக்கும் லயன்கள் லயன்களாகவே நிற்கின்றன. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து புதைத்தது அப்படிப்பட்ட லயன் வரிசைகளைத்தான்.

இன்று பதுளை, பண்டாரவளைக் கடைகளில் வேலை பழகும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் லிப்டனுக்கு இருந்த துடிப்பு இருக்கிறது. சொந்தமாகத் தொழில் தொடங்க வங்கிக்குப் போனால் ஈடு கேட்கிறார்கள். தலைமுறைகளாகக் குடியிருக்கும் லயன் அறைக்கு உறுதிப்பத்திரம் கிடையாதே! ஏழு பேர்ச் காணி தருவதாக அரசு பேசத் தொடங்கி ஆண்டுகள் ஓடிவிட்டன. சில குடும்பங்களுக்கு வீடும் கிடைத்தது. மற்றவர்களுக்கும் காணி அளந்து, வங்கி ஏற்கும் உறுதியாக அவர்கள் பெயரிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவும் இந்தப் பிள்ளைகளுக்கு வயது ஏறுவதற்கு முன்.