பனிவண்டியின் பெல்ட் ஏன் அறுகிறது?



ஆண்டிற் பல திங்கள் பனி மூடிக் கிடக்கும் நாடுகள் உலகின் வடபகுதியிலே உள்ளன. அங்கே குளிர்காலம் வந்துவிட்டால் சாலை மறையும்; சக்கரம் புதையும்; அடுத்த ஊருக்குச் செல்வதும் அரிதாகும். கனடாவின் கியூபெக் மாநிலத்து வால்கூர் என்னும் சிற்றூரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்பவர் மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்த்து வந்தார். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் குடல்வால் நோயால் துன்புற்றான். பனி அடைத்த வழியிலே குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை; அது இறந்தது. பனிமீது ஓடும் வண்டியைப் படைக்க முன்னரே முயன்று வந்த அந்தத் தந்தை, அதன்பின் அம்முயற்சியைக் கைவிடவே இல்லை. 1937இல் தம் வண்டியின் பட்டைச் சக்கர அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1959இல் 'ஸ்கீ-டூ' என்னும் சிறு பனிவண்டியைச் சந்தைக்குக் கொணர்ந்தார். 1968 ஏப்ரலில் ரால்ஃப் பிளெய்ஸ்டட் என்ற அமெரிக்கர் தம் துணைவருடன் இத்தகைய வண்டிகளிலேயே வடதுருவத்தை அடைந்தார்.

ஓர் உயிர் போனதால் வளர்ந்த இவ்வண்டி, இன்று பல உயிர்களைத் தாங்கிச் செல்கிறது. ஆனால் அதன் வலிமை முழுவதும் ஒரு ரப்பர் பெல்ட்டின் வழியாகவே செல்லவேண்டும். அந்த பெல்ட் அறுந்தால் எஞ்சின் எத்துணை ஆற்றலுடையதாயினும் வண்டி ஓரடியும் நகராது. ஊருக்கு முப்பது கிலோமீட்டர் தொலைவில், சுழிக்குக் கீழே 30 பாகைக் குளிரில், அந்தி சாயும் நேரத்தில் அது அறுந்தால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். பனி நாட்டார் இதை விளையாட்டாகக் கருதுவதில்லை. கனடாவில் என் மகனுடன் ஒரு குளிர்காலத்தைக் கழித்தபோது, அண்டை வீட்டார் ஒருவரின் கொட்டகையிலே இப்பொறியைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பள்ளியிலே நாம் கற்கும் இயந்திரவியல் அங்கே கண்முன் நின்றது.

அமைப்பை முதலில் காண்போம். வண்டியில் இரண்டு கப்பிகள் உண்டு. அவற்றைக் கிளட்சுகள் என்பர். ஒன்று எஞ்சின் தண்டின் முனையில் உள்ளது. இது முதற் கிளட்சு. மற்றொன்று சற்றுத் தொலைவிலே வேறொரு தண்டில் உள்ளது. இது இரண்டாம் கிளட்சு. ஒவ்வொன்றும் எதிரெதிராக நிற்கும் இரு கூம்புத் தகடுகளால் ஆனது. ஒரு தகடு நிலையானது. மற்றது தண்டின்மீது நகரக்கூடியது. இரண்டுக்கும் இடையே, குறுக்கு வெட்டில் 'வி' எழுத்தைப் போன்ற பெல்ட் ஓடுகிறது.

எஞ்சின் மெல்ல ஓடும்போது முதற் கிளட்சின் தகடுகள் விலகி நிற்கும், பெல்ட்டைப் பற்றா. வேகம் மிகும்போது உள்ளிருக்கும் எடைத் துண்டுகள் மையவிலக்கு விசையால் வெளியே வீசப்பட்டு, நகரும் தகட்டை நெருக்கித் தள்ளும். பெல்ட் பற்றப்படும், வண்டி புறப்படும். தகடுகள் மேலும் நெருங்க, பெல்ட் முதற் கிளட்சில் விளிம்பை நோக்கி ஏறும். பெல்ட்டின் நீளம் மாறாதாகையால், இரண்டாம் கிளட்சின் தகடுகளை விரித்துக்கொண்டு அங்கே மையத்தை நோக்கி இறங்கும். தொடக்கத்திலே சிறு கப்பி பெருங் கப்பியைச் சுழற்றுகிறது, இழுவிசை மிகுதி. வேகம் வந்தபின் இரண்டும் ஏறக்குறைய ஒத்த அளவினவாகின்றன. ஆழ்ந்த பனியில் பல்சக்கரம் மாற்றுவதற்காக ஒரு கணம் விசை நின்றாலும் வண்டி தேங்கிவிடும். ஆகவே இடையறாது மாறும் இம்முறை அங்கே பெரிதும் பொருந்துகிறது. ஹாலந்து நாட்டு டாஃப் நிறுவனம் 1958இல் இதே தத்துவத்தில் ஒரு காரைக் காட்டியது. நம் தெருக்களில் ஓடும் கியரில்லா ஸ்கூட்டர்களுக்குள்ளும் இவ்வமைப்பே உள்ளது.

இனி, பெல்ட் ஏன் கெடுகிறது என்பதைப் பார்ப்போம். அறுந்த பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டுவோர் பலர். புதியதும் விரைவிலே அறும். பெல்ட்டைக் குறை கூறுவர். தேர்வில் தவறிய மாணவனின் விடைத்தாளைப் பாராமலே அவனை மீண்டும் தேர்வுக்கு அனுப்புவது போன்றது இது. அறுந்த பெல்ட் ஒரு விடைத்தாள், அதைப் படிக்கவேண்டும்.

ஓரிடத்தில் மட்டும் பெல்ட் தேய்ந்து, இடை சிறுத்து இருந்தால், அது நின்ற நிலையிலேயே முதற் கிளட்சு அதன்மேல் உராய்ந்து சுழன்றிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் இரவிலே உறைந்து தரையோடு ஒட்டிய பட்டையை விடுவிக்காமல் எஞ்சினை முடுக்கியதே காரணம். இரு பக்கங்களும் ஒரே சீராகப் பளபளத்துக் கண்ணாடி போலானால், பெல்ட் வழுக்கியிருக்கிறது. தகட்டில் எண்ணெய் படிந்ததா, சுருள்வில் வலுவிழந்ததா என்று தேடவேண்டும். உட்புறப் பற்கள் பெயர்ந்திருந்தால் திடீர் அதிர்ச்சிகளைத் தாங்கியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, விளிம்பிலே நூல் பிரிந்து தொங்கினால், இரு கிளட்சுகளும் ஒரே நேரில் நிற்கவில்லை எனத் தெளியலாம். இதுவே அடிக்கடி கவனிக்கப்படாமற் போகும் காரணம்.

நேர்நிலை என்பதில் மூன்று அளவுகள் அடங்கும். முதலாவது, இரு தண்டுகளின் இடைத்தொலைவு. அது மிகுந்தால் பெல்ட் இறுகி, எஞ்சின் மெல்ல ஓடும்போதே தகடுகளைப் பற்றி வண்டியை நகர்த்த முற்படும். குறைந்தால் பெல்ட் தளர்ந்து, புறப்படும்போது வெட்டி இழுக்கும். இரண்டாவது, பக்கவாட்டு விலக்கம். ஒரு கிளட்சு மற்றொன்றைவிட உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கலாகாது. நின்றால் பெல்ட் கோணலாகவே ஓடும். மூன்றாவது, இணைநிலை. இரு தண்டுகளும் ஒன்றற்கொன்று இணையாக இருத்தல் வேண்டும்.

பெல்ட் ஏறி இறங்கும்போது பக்கவாட்டிலும் சிறிது நகருமே, அப்போது நேர்நிலை கெடாதா என்று நீங்கள் வினவலாம். நல்ல வினா. முதற் கிளட்சின் நிலையான தகடு ஒரு புறத்திலும், இரண்டாம் கிளட்சின் நிலையான தகடு எதிர்ப்புறத்திலும் அமைக்கப்பட்டுள்ளன. ஆகையால் ஒன்றில் பெல்ட் ஏறும்போதும் மற்றதில் இறங்கும்போதும் அது ஒரே திசையிலேயே நகர்கிறது. ஒரு தாளில் வரைந்து பாருங்கள், விளங்கும்.

அளக்கும் முறை எளிது. பெல்ட்டைக் கழற்றி, இரண்டாம் கிளட்சின் தகடுகளுக்கிடையே வண்டிக்குரிய நேர்கோலை வைத்து, அதன் மறுமுனை முதற் கிளட்சைக் கடந்து நிற்கும்படி செய்யவேண்டும். முதற் கிளட்சின் நிலையான தகட்டின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் கோலுக்குள்ள இடைவெளியை அளந்தால், விலக்கமும் இணைநிலையும் ஒருங்கே தெரியும். ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்துள்ளது. முழு விசையில் பெல்ட்டின் இழுப்பு அதனைச் சிறிது திருப்பிவிடும். அதனால் சில வண்டிகளில், ஓய்வுநிலையிலே ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் வேறுபாடு இருக்கவேண்டுமென்றே கையேடு விதிக்கிறது. தாங்கிகள் கிழிந்து நைந்துபோனாலோ, நிற்கையில் சரியாகத் தோன்றுவது ஓடுகையில் கோணலாகிவிடும். ஆகவே அளவு சரியாயிருந்தும் பெல்ட் ஒருபக்கம் தேய்ந்தால், தாங்கிகளையும், தண்டின் பேரிங்குகளையும், மோதலில் வளைந்த சட்டத்தையும் ஆராயவேண்டும். காரணத்தை நீக்கிய பின்னரே தகட்டு வளையங்களைக் கூட்டியும் குறைத்தும் நேர்ப்படுத்த வேண்டும்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திக் கூற விரும்புகிறேன். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பின்னரே மூடியைத் திறக்கவேண்டும். பெல்ட் இல்லாத நிலையில் எஞ்சினை முடுக்கவே கூடாது. சுமையின்றிக் கட்டுக்கடங்காமற் சுழலும் கிளட்சு சிதறக்கூடும். அதன் துண்டுகள் உயிரை வாங்கும். அறுந்த பெல்ட்டின் நூல்களும் துணுக்குகளும் தண்டிலே சுற்றியிருந்தால் ஒன்றுவிடாமல் எடுத்தபின்னரே புதியதை மாட்டவேண்டும். இல்லையேல் அவை புதியதையும் கெடுக்கும்.

பனி நாட்டிலே பழகியவர் சில வழக்கங்களை நாள்தோறும் கைக்கொள்கின்றனர். காலையில் வண்டியின் பின்புறத்தைத் தூக்கி அசைத்துப் பட்டையை விடுவிப்பர். விறைத்த பெல்ட் இளகும்வரை மெதுவாகச் செல்வர். புதிய பெல்ட்டின் முதற் பயணங்களில் முழு வேகத்தைத் தவிர்ப்பர். பெல்ட்டின்மேல் அம்புக்குறி உள்ள திசையிலேயே மாட்டுவர். மாற்று பெல்ட் ஒன்றும், அதை மாட்டத் தேவையான கருவிகளும் இன்றி ஊர் எல்லையைக் கடவார்.

நண்பர்களே, நம்மிற் பலர் பனிவண்டியில் ஏறாமலே இருக்கலாம். எனினும், கெட்டுப்போன பொருள் ஒன்று உங்கள் கைக்கு வரும்போது, உடனே அதை எறிந்துவிடாதீர்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, ஏன் அந்தப் பக்கம் மட்டும் தேய்ந்தது என்று பொறுமையாய் வினவுங்கள். உங்கள் வீட்டு ஸ்கூட்டரின் பெல்ட்டை அடுத்தமுறை பழுதுபார்ப்பவர் மாற்றும்போது, பழையதைக் கேட்டு வாங்கி ஒளியிலே பிடித்துப் பாருங்கள். அது உங்களுக்குச் சொல்லவேண்டியது நிறைய இருக்கும்.